லெஃப்காராவில் புஷ்பாவுக்குப் பதிலாக

ஜூன் பிறந்துவிட்டால் ஒஸ்லோவில் யாரும் யாரையும் சுகம் விசாரிப்பதில்லை; எங்கே போகிறாய் என்றுதான் கேட்கிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில், ரொட்டித் துண்டின் மேல் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மூன்று விடைகள்தான் செல்லும். ஒன்று ஹித்த, மலையிலோ கடலோரத்திலோ இருக்கிற மரவீடு. இரண்டாவது ஸீடன், தெற்கே வெயில் எறிக்கும் நாடுகளில் ஏதாவது ஒன்று. எந்த நாடு என்பது பெரிய விசயமில்லை, வெயில் இருந்தால் சரி. மூன்றாவது யெம், அதாவது வீடு. இந்த மூன்றாவதை எங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒஸ்லோவின் ஓரத்தில் பியோர்ண்டாலில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, அதன் திறப்பு என் கைப்பையில் கிடக்கிறது, ஆனாலும் "இந்த வருடம் வீட்டுக்குப் போகிறாயா?" என்று என்னிடம் கேட்டால் அது இலங்கை. கேட்கிறவர்களிடம் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது என்பதால் கோபிக்கவும் முடியாது.

இந்தமுறை நான் "சைப்பிரஸ்" என்றேன். என்னோடு நெடுங்காலமாக வேலை செய்யும் இங்கர் முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். "உனக்கு எதற்கு வெயில்?" என்றாள். விட்டமின் டி குளிசை விழுங்கி அலுத்துப்போய்விட்டது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கேள்வி காலில் குத்திய முள்ளைப்போல உறுத்திக்கொண்டே வந்தது. எனக்கு எதற்கு வெயில் என்று எனக்கே தெரியவில்லை.

பயணம் என் மகள் ஆரணியின் ஏற்பாடு. படிப்பு முடிந்த சந்தோசத்துக்கு அம்மாவும் மகளும் மட்டும் ஒரு கிழமை ஊர் சுற்றுவது என்று அவளே எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டாள். பஸ் ஓட்டுகிற என் கணவர், வெயிலில் போய்க் கிடக்க எனக்கென்ன கருவாடே என்று ஒதுங்கிக்கொண்டார். லார்னாக்கா கடற்கரையில் முதல் இரண்டு நாட்களும் எனக்குத் தண்டனை. சாய்வு நாற்காலியில் படுத்தால் கால் தானாக எழும்பி நிற்கிறது. பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவர் எழும்ப முடியாமல் அவதிப்பட்டால் என் கை அவரது கக்கத்தைப் பிடிக்கப் போகிறது. "அம்மா, நீங்கள் இப்ப வேலையிலை இல்லை, ஃபேரியிலை இருக்கிறியள்," என்று ஆரணி அதட்டுவாள். ஃபேரி என்றால் விடுமுறை. நோர்வே எனக்கு எத்தனையோ விசயம் பழக்கியது, இந்த ஒன்றை மட்டும் பழக்க முடியவில்லை. சும்மா இருந்தால் ஏதோ களவு செய்கிறதுபோல நெஞ்சு படபடக்கிறது.

மூன்றாம் நாள் என் தொல்லை தாங்காமல் ஆரணி கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். மலையடிவாரத்தில் லெஃப்காரா என்று ஒரு பழைய ஊர், லேஸ் பின்னுவதற்கும் வெள்ளி வேலைக்கும் பேர்போனது, படங்களில் பார்த்தேன், போவோம் என்றாள். சைப்பிரஸில் இலங்கையைப் போலவே இடதுபக்கத்தால்தான் வாகனம் ஓடும். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த அவளுக்கு ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும் வியர்த்துக் கொட்டியது. எனக்கோ, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ரோட்டு சரியான பக்கத்தில் ஓடுவதுபோல ஒரு நிம்மதி. அதை வாய்விட்டுச் சொன்னதற்கு அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஊர் வடிவான ஊர்தான், குறை சொல்ல முடியாது. சுண்ணாம்புக் கல் வீடுகள், நீலக் கதவுகள், கார் புக முடியாத ஒழுங்கைகள், படிக்கட்டெல்லாம் பூனைகள். வாசலுக்கு வாசல் பெண்கள் மடியில் தலையணையை வைத்து அதன்மேல் துணியைக் குத்தி, நூலை எண்ணி எண்ணித் தைக்கிறார்கள். துணியில் நெளிந்து ஓடும் ஒரு கோலத்துக்கு அவர்கள் ஆறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றும் அந்த ஒழுங்கையில் என் கண்ணில் படவில்லை. ஒரு கடை வாசலில் மேசைவிரிப்பு ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரி ஆரணியைப் பார்த்துச் சிரித்து வரவேற்றாள். பிறகு என்னிடம் திரும்பி, நல்ல குரலில், அக்கறையாகவே கேட்டாள்: "நீ யாருடைய வீட்டில் இருக்கிறாய்?"

எனக்கு விளங்கவில்லை. "ஹொட்டேலில்," என்றேன். அவள் சிரித்து, "இல்லையில்லை, எந்த வீட்டில் வேலை?" என்றாள். காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்த ஆரணி உல்லாசப் பயணி. பருத்திச் சட்டையும் பின்னிய கொண்டையுமாக நின்ற நான் வீட்டு வேலைக்காரி. சைப்பிரஸில் இலங்கைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீட்டு வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆரணி பொங்கிவிட்டாள். ஆங்கிலத்தில் தொடங்கி நோர்வேஜியனில் முடித்து, என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அம்மா, அது ராசிஸ்மே, விளங்குதே உங்களுக்கு?" நிறவெறி என்கிறாள். விளங்கியது. ஆனால் எனக்குக் கோபத்தைவிட ஒரு குழப்பம்தான் வந்தது. நான் செய்கிறதும் அதே வேலைதானே. கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, ஊட்டிப் படுக்க வைக்கிறேன். ஒஸ்லோவில் அதற்குச் சீருடையும் சங்கமும் ஓய்வூதியமும் இருக்கிறது, அதனால் அதற்கு வேறு பெயர்.

அப்படி யோசித்துக்கொண்டே நடந்தபோதுதான் அடுத்த ஒழுங்கையில் புஷ்பாவைக் கண்டேன். ஒரு வீட்டு வாசலில் கறுப்பு உடுப்புக் கிழவி ஒருத்தி நாற்காலியில் இருந்தாள். அவளது முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு குந்தியிருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முதலில் சிங்களத்தில் "லங்காவென்த?" என்று கேட்டாள். ஓம், இலங்கைதான், தமிழ் என்றேன். அவள் எண்ணெய்க் கையோடு எழும்பி நின்றாள். "எந்த ஊரு கா?" என்றாள்.

அந்த "கா"வை நான் காதால் கேட்டு எத்தனையோ வருடம். நான் ஆரையம்பதி. மட்டக்களப்பில் எங்கள் பக்கத்தில் பெண்கள் ஒருவரையொருவர் கா போட்டுத்தான் அழைப்பார்கள். கலியாணம் கட்டியது யாழ்ப்பாணத்தாரை. ஒஸ்லோவில் பழகியது பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரோடு. வந்த புதிதில் நான் "மறுகா பாப்பம்" என்றால், அதாவது பிறகு பார்ப்போம் என்றால், அவர்கள் சிரிப்பார்கள். கணவரின் அக்கா, "மட்டக்களப்பார் ஆக்களைப் பாயோடை ஒட்ட வைச்சுப் போடுவினம், கவனமடா தம்பி," என்று என் முன்னாலேயே பகிடி விடுவார். வந்தவரை மயக்கித் தங்களோடே வைத்துக்கொள்வார்கள் என்கிற பழைய பகிடிதான், ஆனால் கேட்டுக் கேட்டு நான் மெல்ல மெல்ல இஞ்சை, அங்கை, வந்தனான், போனனான் என்று மாறிவிட்டேன். என் மகள் பேசும் தமிழில் என் ஊர் கிடையாது. லெஃப்காராவின் கல் ஒழுங்கையில் நின்று "ஆரையம்பதி கா" என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"நான் களுவாஞ்சிகுடி!" என்று புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் பிசுபிசுத்தது. வீட்டுக்குள் இழுத்துப்போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். ஆரணிக்குக் கதிரை துடைத்துப் போட்டாள். கிழவியை அவள் யாயா என்று கூப்பிட்டாள். அது அந்த ஊரில் வயதான பெண்களைக் கூப்பிடும் முறை. யாயாவுக்கு நினைவு தப்பிவிட்டது. தன் பிள்ளையைத் தெரியாது, புஷ்பாவை மட்டும் தெரியும். ஒரே மகன் ஆந்திரேயாஸ் லிமசோலில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவார். சின்ன வயதிலிருந்து லேஸ் பின்னிய யாயா இப்போது நூலைக் கண்டால் கைத்தடியால் தட்டிவிடுகிறாளாம். உள்ள கண்ணையெல்லாம் அதற்குள்ளே போட்டாச்சு, இனி என்ன என்று நினைவு நன்றாக இருந்த காலத்தில் ஏசுவாளாம்.

புஷ்பா ஊரைவிட்டு வந்தபோது மகளுக்கு எட்டு வயது. புருசன் வேறொருத்தியோடு போய்விட்டான், மகள் சித்தியிடம் வளர்ந்தாள். அந்த மகளுக்கு அடுத்த கிழமை கலியாணம். போனில் பொம்பிளையின் படத்தைக் காட்டினாள், கூறைச் சீலையைக் காட்டினாள், பந்தல் போடுகிறவர்களைக் காட்டினாள். "எப்ப பயணம்?" என்று நான் கேட்டேன். அவள் போனை மூடி வைத்தாள். ஆந்திரேயாஸ் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. உன் இடத்துக்கு ஓர் ஆளை விட்டுவிட்டு இரண்டு கிழமை போய் வா என்றிருக்கிறார். லார்னாக்காவில் வேலை செய்யும் சிநேகிதி வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய வீட்டு முதலாளியம்மா போன கிழமை விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதால் அவளால் அசைய முடியவில்லை. மற்றவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கிழவி.

புறப்படும்போது வாசல்வரை வந்தவள், ஆரணி முன்னால் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டீங்களே?" என்றாள். "நீங்களும் இந்த வேலதானே செய்றீங்க. உங்களுக்கு லீவுதானே. அப்பன் இல்லாத புள்ள கா. நானும் இல்லாட்டி மணவறையில ஆர் நிக்கிற?"

நான் உடனே தலையாட்டினேன் என்று நினைக்காதீர்கள். வாயில் வந்தது என்னவோ நோர்வேக்காரியின் விடைதான். நான் விடுமுறையில் நிற்கிறேன் என்றேன். எனக்கும் ஓய்வு வேண்டும் என்றேன். அவள் தலையை ஆட்டி, மகளுக்குக் குடுங்க என்று ஒரு பை அத்திப்பழம் தந்தாள். காரில் வரும் வழியெல்லாம் ஆரணி லேஸைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

அடுத்தநாள் கடற்கரை நாற்காலியில் கிடந்தபோது என் தங்கச்சியின் கலியாணம் நினைவுக்கு வந்தது. அப்போது நான் நோர்வேயில் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் லில்லெஸ்ட்ரோமில் ஓர் அறையில் காத்திருந்தேன். வெளியே போனால் திரும்ப வர முடியாது. கலியாணம் முடிந்து பல மாதத்துக்குப் பிறகு யாரோ கொண்டுவந்த வீடியோ கசற் கைக்குக் கிடைத்தது. ரோசாப்பூ ஒன்று விரிந்து அதற்குள்ளிருந்து தங்கச்சியின் முகம் சுழன்று சுழன்று வந்தது. தாலி கட்டும் இடத்தில் வீடியோக்காரன் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டான். அம்மா ஏதோ சொல்லி அழுகிறாள், வாய் அசைகிறது, பாட்டுத்தான் கேட்கிறது. அம்மா என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டுப் பார்த்தேன், அவளுக்கு ஞாபகமில்லை. மற்றவர்கள் எல்லாம் நின்ற இடத்தில் நான் நிற்கவில்லை என்பதை எந்தப் பாஸ்போட்டும் திருத்தித் தரவில்லை. நாற்காலியிலிருந்து எழும்பி, "ஆரணி, நீ தனியப் போவியே ஒஸ்லோவுக்கு? எனக்கு லீவு முடிய இன்னும் ரெண்டு கிழமைக்கு மேலை கிடக்கு," என்று கேட்டேன்.

அவள் முதலில் பகிடி என்று நினைத்தாள். பிறகு சண்டை பிடித்தாள். "அம்மா, அது ஸ்வார்ட் அர்பைட்." அது அரசாங்கத்துக்குத் தெரியாமல் செய்யும் கறுப்பு வேலை. சம்பளமே இல்லாத வேலைக்குக் கறுப்பென்ன வெள்ளையென்ன என்றேன். "நீங்கள் புஷ்பா அன்ரிக்கு உதவி செய்யேல்லை, அவவின்ரை முதலாளிக்குத்தான் உதவி செய்யிறியள். அந்த ஆள்தான் ஒரு விக்கார் எடுக்கவேணும்!" விக்கார் என்பது பதிலாள். பிள்ளை சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. "நீ சொல்லுறது சரி, பிள்ளை," என்றேன். "அந்தச் சரி வந்து சேர முந்திக் கலியாணம் முடிஞ்சிடும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள், பிறகு மறுபடியும் சண்டை பிடித்தாள். கணவருக்குப் போன் எடுத்தேன். "உமக்கென்ன விசரே? இஞ்சை கிழடுகளைப் பாத்தது காணாதே?" என்று தொடங்கினார். "அவ போய்த் திரும்பி வராட்டி என்ன செய்வீர்? அங்கையே இருப்பீரே?" வருவா என்றேன். கடைசியில், "ஆரோ உம்மையே பாயோடை ஒட்டிப் போட்டினம்," என்றார். அது அவருடைய சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி லெஃப்காராவுக்குப் போய், தாயைப் பார்க்க வந்திருந்த ஆந்திரேயாஸைச் சந்தித்தேன். என் வேலை அடையாள அட்டையையும் நோர்வே பாஸ்போட்டையும் மேசையில் வைத்தேன். மனிதர் குழம்பிப்போனார். எந்த நிறுவனம் அனுப்பியது என்று கேட்டார். ஒன்றும் இல்லை. தேவாலயமா? இல்லை. அப்படியென்றால் ஒரு நோர்வேக்காரி ஏன் இதைச் செய்யவேண்டும்? "அவள் என் தங்கச்சி," என்றேன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இவர்கள் எல்லாருமே சகோதரிகள்தான்," என்று பெருமூச்சு விட்டார். பொல்லாத மனிதர் அல்ல. ஆனால் அந்தப் பாஸ்போட்டைப் பார்த்ததும் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார், ஒஸ்லோவில் குளிர் எப்படி என்று விசாரித்தார், கோப்பி குடிக்கிறீர்களா மேடம் என்றார். கோப்பியை ஊற்றிக்கொண்டு வந்து வைத்தது புஷ்பா. அவளுக்கு அந்த மேசையில் கதிரை இல்லை. ஒரே நிறம், ஒரே மாவட்டம், ஒரே வேலை. எனக்கு அந்தக் கோப்பி இறங்கவில்லை. நான் எழும்பி நின்றேன், அவரும் மரியாதைக்காக எழும்பினார், மூன்று பேரும் நின்றபடியே மிச்சத்தைப் பேசி முடித்தோம்.

புஷ்பா போகுமுன் ஒரு நாள் முழுக்க எனக்கு வீட்டைப் பழக்கினாள். "கேட்டுக்கொண்டு நிக்காதீங்க அக்கா. கையப் பிடிச்சுக் கூட்டிப் போங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் மனதுக்குள் சிரித்தேன். எனக்கா பழக்குகிறாள்? ஒஸ்லோவில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே எதையும் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்பது. குளிக்கிறீர்களா, இந்தச் சட்டையா அந்தச் சட்டையா, இப்போது சாப்பிட விருப்பமா? அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அது அவர்களது உரிமை. புஷ்பா விமானம் ஏறிய அன்று நானும் அப்படியே, உடைந்த ஆங்கிலத்திலும் போனில் தேடிய கிரேக்கத்திலும் யாயாவிடம் மரியாதையாக அனுமதி கேட்டேன். "ஓஹி," என்றாள் யாயா. அவர்கள் பாசையில் அது இல்லை. குளியலுக்கு ஓஹி, சூப்புக்கு ஓஹி, படுக்கைக்கு ஓஹி. உரிமையை மதித்து மதித்து இரண்டாம் நாள் வீடே நாறியது. பக்கத்து வீட்டில் லேஸ் பின்னும் மரூலா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, கை இரண்டையும் விரித்து, நோர்வேயில் தண்ணீர் இல்லையா என்று கேட்டாள்.

பொறுமை கெட்டுப்போய், அனுமதியைத் தூக்கி எறிந்துவிட்டு, என் வாயில் வந்த தமிழில் கூப்பிட்டேன்: "வாகா கிளி, குளிப்பம்." யாயா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு தெளிவாக, சலிப்போடு சொன்னாள்: "மறுகா."

இத்தனை வருடமாகப் புஷ்பா அந்த மனுசியோடு தன் ஊர்ப் பாசையில்தான் பேசியிருக்கிறாள்! சோறு, வா, படு, வலிக்கா, எல்லாம் யாயாவுக்குத் தெரிந்திருந்தது. பெற்ற மகனை மறந்த கிழவிக்கு எங்கள் ஊர் மறுகா மறக்கவில்லை. நான் பகிடிக்குப் பயந்து ஒஸ்லோவில் தொலைத்ததை இவள் இங்கே பத்திரமாக வைத்திருக்கிறாள். "மறுகா இல்ல, இப்ப," என்று கையைப் பிடித்தேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தண்ணீர் ஊற்றும்போது என் கன்னத்தைத் தொட்டு "புஷ்பா" என்றாள். நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடின. நான் மட்டும் ஓரிடத்தில் இருக்கவில்லை. காலையில் வாசலில் யாயாவை இருத்திவிட்டுத் துணி தோய்ப்பேன், கூட்டுவேன், சமைப்பேன், ஒன்றும் இல்லாவிட்டால் ஒழுங்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். உல்லாசப் பயணிகள் நின்று படம் எடுப்பார்கள். நீலக் கதவு, கறுப்பு உடுப்புக் கிழவி, பூனை. நான் படத்துக்குள் வந்துவிட்டால் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டுவார்கள். ஒருநாள் யாயா நனைத்துவிட்ட படுக்கைவிரிப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, ஒரு தம்பதி நோர்வேஜியனில் கதைத்துக்கொண்டு போவது கேட்டது. நம்பமாட்டீர்கள், என் நெஞ்சு துள்ளியது! எங்கட ஆட்கள் என்று ஓடினேன். "எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று நோர்வேஜியனில் கேட்டேன். திடுக்கிட்டுப்போய்த் திராமன் நகரம் என்றார்கள். நான் பியோர்ண்டால் என்றேன். பக்கத்து ஊர்க்காரரைக் கண்டதுபோல எனக்கு வாயெல்லாம் பல். அந்தப் பெண் என்னையும் விரிப்பையும் பார்த்து, "இங்கே வேலை செய்கிறீர்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இல்லை, விடுமுறைக்கு வந்திருக்கிறேன்," என்றேன். மூத்திர விரிப்பு கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் நல்ல விடுமுறையாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வேகமாக நடந்தார்கள்.

மற்ற நேரங்களில் யோசனைதான். ஒஸ்லோவில் எங்கள் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் தனியறை, கையில் அழைப்பு மணி, சுவரில் பேரப்பிள்ளைகளின் படம். ஒருவர் ஓய்வெடுக்க அடுத்தவர் வேலைக்கு வருவார், யாரும் சாகுமட்டும் ஒருவரோடு இருப்பதில்லை. இங்கே யாயாவுக்கு இரவும் பகலும் ஒருத்தி. அந்த ஒருத்திக்குத் தன் பிள்ளை வயதுக்கு வந்ததும் தெரியாது, பரீட்சை எழுதியதும் தெரியாது. எது நல்லது என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, உங்கள் அம்மாவை யார் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். என் அம்மாவைக் கடைசியில் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான்.

கலியாணத்துக்கு முதல் மூன்று நாட்களும் புஷ்பா போன் எடுக்கவில்லை. நான் அனுப்பிய செய்திகளையும் பார்க்கவில்லை. கணவர் கேட்ட கேள்வி மறுபடி தலைக்குள் ஏறியது. ஏன் திரும்பி வரவேண்டும்? மகள் பக்கத்தில், சொந்த வீடு, சொந்த மண். நான் என்றால் வருவேனா? நேர்மையாகச் சொன்னால், வராமல் விட்டுவிடுவாளோ என்று பயந்ததும் நான்தான், வராமல் விட்டுவிடட்டும் என்று ஆசைப்பட்டதும் நான்தான். ஒஸ்லோவில் என் வேலை தொடங்க இன்னும் சில நாட்கள். ஆந்திரேயாஸ் போன் எடுத்து, "உன் சகோதரி வருவாள்தானே?" என்று கேட்டார். வருவாள் என்று அடித்துச் சொன்னேன். போனை வைத்ததும் மறுபடியும் புஷ்பாவின் இலக்கத்தை அழுத்தினேன்.

கலியாணத்தன்று காலையில் யாயாவைக் கட்டிலில் சாய்த்து இருத்தி, ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ அழைப்பு. யாரோ உறவுக்காரர் போனைப் பிடித்திருந்தார். பந்தல், மேளம், ஐயர், புகை. பொம்பிளை தலை குனிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், மணவறையில், அரக்குச் சீலையும் தலைநிறையப் பூவுமாகப் புஷ்பா நின்றாள். தாலி ஏறியதும் பெண்கள் எல்லாரும் குரவை போட்டார்கள். எங்கள் மட்டக்களப்புக் குரவை! யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் அது கிடையாது, ஒஸ்லோவில் நான் ஒருநாளும் போட்டதில்லை. யோசிக்க முதலே என் நாக்கு புரண்டுவிட்டது. லெஃப்காராவின் கல் வீடு அதிர நானும் குரவை போட்டேன். யாயா கையைத் தட்டினாள். கிழவி போய்விட்டாள் என்று நினைத்து மரூலா மாவுக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். நான் அழுதுகொண்டே போனைக் காட்டினேன். அவள் பார்த்து, விளங்கி, தானும் அழத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் புஷ்பா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்தைவிட்டு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் மை கரைந்திருந்தது. ஏதாவது சொல்லி அழப்போகிறாள், நானும் அழலாம் என்று ஆயத்தமாக இருந்தேன்.

"அக்கா, யாயாக்குக் காலக் குளிச குடுத்தீங்களா?" என்றாள். மேளச் சத்தத்துக்கு மேலால் கத்தினாள். "அந்த வெள்ளக் குளிசய முழுங்கமாட்டா. வாயிக்குள்ள ஒளிச்சு வெச்சிரிப்பா. நாக்கத் தூக்கிப் பாருங்க!"

"குடுத்தன் கா, குடுத்தன்," என்றேன். ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளது கண் என் தோளுக்குப் பின்னால் கட்டிலைத் தேடியது. நானும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஒருத்தி கிணற்றில் தண்ணீர் அள்ளினாள், பிள்ளைகள் வாழையிலை கழுவின, தென்னைகளுக்கு அப்பால் வாவித் தண்ணீர் வெயிலில் தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க அக்கா, மறைக்கிது," என்றாள் புஷ்பா.

அதையேதான் நான் அவளிடம் சொல்ல வாயெடுத்திருந்தேன்.